ஐந்து மாதக் கைக்குழந்தையுடன் திரையரங்குக்குப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தலைச்சன்தாய் | ஞாயிறு, காலை 6.50

அனைவருக்கும் வணக்கம். எனக்குத் தலைப்பிரசவம் ஆகி ஐந்து மாதமும் பத்து நாளும் ஆகின்றன. பெண் குழந்தை. மூன்று மாதம் தாய்வீட்டில் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியிருக்கிறேன். திருமணமான நாளிலிருந்து நானும் என் கணவரும் மாதத்துக்கு இரண்டு படமாவது திரையரங்கில் பார்த்துவிடுவோம். வளைகாப்புக்கு முந்தைய வாரம்கூட ஒரு படத்துக்குப் போய்வந்தோம். அதற்குப் பிறகு எட்டு மாதமாகத் திரையரங்கின் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

கைபேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்று தோழிகள் சொல்கிறார்கள். பார்க்கிறேன்தான், ஒரு படத்தை நான்கு நாளாக, பால் கொடுக்கும் நேரத்தில் பத்துப் பத்து நிமிடமாகப் பார்க்கிறேன். நான் கேட்பது அதுவல்ல. உடுத்திக் கிளம்பி, இருட்டில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன்பின் அறியாத முந்நூறு பேரோடு சேர்ந்து ஒரு காட்சிக்குச் சிரித்துவிட்டு வரவேண்டும் என்று இருக்கிறது. குழந்தையை விட்டுவிட்டுப் போக வழியில்லை. வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. புட்டியில் கொடுத்தால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மாமியாரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவ்வளவு சத்தம் காதில் விழுந்தால் குழந்தைக்கு இரவெல்லாம் தூக்கத்தில் தூக்கித் தூக்கிப் போடும், ஒரு வயது வரையாவது பொறுத்துக்கொள் என்றார். அவர் நான்கு பிள்ளை வளர்த்தவர். அவருடைய சொல்லைத் தட்டிவிட்டுப் போக எனக்கும் மனமில்லை. அதே சமயம், அது எந்த அளவுக்கு உண்மை என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒலியால் குழந்தையின் காதுக்குக் கெடுதல் உண்டா? பால் கொடுப்பது எப்படி? அழுதால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? போய்வந்தவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதினால் உதவியாக இருக்கும்.

இரட்டைத்தொட்டில் | ஞாயிறு, காலை 8.15

தங்கைக்கு வணக்கம். எனக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவனோடு போனது தோல்வி. இளையவளோடு போனது நன்றாக அமைந்தது.

மூத்தவனுக்கு அப்போது ஏழு மாதம். தீபாவளிப் படம், வெளியான இரண்டாம் நாள், மாலைக் காட்சி. குழந்தை வீட்டில் அந்த நேரத்தில்தான் சிணுங்கத் தொடங்குவான் என்று தெரிந்தும், சீட்டுக் கிடைத்த மகிழ்ச்சியில் அதை யோசிக்காமல் போனோம். இருக்கைகள் வரிசையின் நடுவில் இருந்தன. படத்தின் பெயர் திரையில் வந்தபோது கூட்டம் எழுந்து நின்று விசில் அடித்தது. அவன் அப்படியே விறைத்துப்போய், மூச்சை இழுத்து, நீலமாகும் அளவுக்கு அழுதான். பதினான்கு பேருடைய முழங்காலைத் தாண்டி அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் படத்தின் முதல் பாதியை என் கணவரும், இரண்டாம் பாதியில் பாதியை நானும் பார்த்தோம்.

இளையவளை நான்கரை மாதத்தில் அழைத்துப்போனோம். படம் மூன்றாவது வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை 11 மணிக் காட்சி, அரங்கில் முப்பது பேர்கூட இல்லை. அவள் காலையில் குளித்துப் பால் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் தூங்குகிற நேரம் அது. ஆகவே குழந்தையின் தூக்க நேரத்துக்கு ஏற்ற காட்சியை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த நேரத்தில் என்ன படம் ஓடுகிறது என்று பிறகு பாருங்கள்.

துணிமணி: குல்லாய், காலுறை, ஒரு கனமான போர்வை, மாற்றுத்துணி இரண்டு. குளிர்சாதனக் காற்று நேராக மேலே விழும் இருக்கையாக இருந்தால் விளக்கு அணைவதற்கு முன்பே இடம் மாறிக்கொள்ளுங்கள்.

ஒலிக்கூடம் | ஞாயிறு, காலை 10.40

நான் திரைப்பட ஒலிக்கலவைக் கூடம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். ஒலியைப் பற்றி நீங்கள் கேட்டதால், எங்கள் தொழிலில் அன்றாடம் பார்க்கும் எண்களைச் சொல்கிறேன்.

படத்தின் ஒலியைக் கலக்கும்போது, அரங்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியான டால்பி செயலியின் ஒலியளவை 7 என்ற எண்ணில் வைத்துக் கேட்பது முறை. அந்த எண்ணில் சோதனை ஒலியை ஓடவிட்டால் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியிலிருந்தும் இருக்கையில் 85 டெசிபல் (ஒலியின் வலுவை அளக்கும் அலகு) கிடைக்கும்படி அரங்கைச் சரிசெய்வார்கள். அதற்கு மேல் இன்னும் 20 டெசிபல் ஏறுவதற்கு இடம் இருப்பதால், ஒரே ஒலிபெருக்கியின் உச்சம் 105 வரை போகலாம். நெஞ்சில் இடிப்பதுபோல் உணர்கிறோமே, அந்தத் தாழ்ந்த ஒலிக்கென்று தனியாக இருக்கும் சப்வூஃபரின் உச்சம் 115. இவை நொடிக்கணக்கில் வந்துபோகும் உச்சங்கள். இருவர் உட்கார்ந்து பேசும் காட்சி இதைவிட வெகுவாகக் குறைவான அளவில்தான் இருக்கும். ஆகவே ஒரு படம் குழந்தைக்கு ஏற்றதா என்பதை அதில் எத்தனை சண்டைக் காட்சி, எத்தனை குத்துப்பாட்டு என்று விசாரித்தே பாதி முடிவு செய்துவிடலாம்.

இதை எதோடு ஒப்பிடுவது? ஆலைகளில் வேலை செய்யும் வளர்ந்த மனிதருக்கு, 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. ஒலி 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் ஒரு மணி. கைக்குழந்தையின் காதுக்குழாய் நம்முடையதைவிடச் சிறியது. அதனால் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் அதற்குள் நமக்குக் கேட்பதைவிட அழுத்தமாகச் சேரும். போதாததற்கு, குழந்தைக்கு காதைப் பொத்திக்கொள்ளத் தெரியாது, எழுந்து போகவும் முடியாது. உங்கள் மாமியார் சொன்னதை நான் தள்ள மாட்டேன். காது கெட்டுவிடும் என்று அவர் சொல்லவில்லை, தூக்கிப் போடும் என்றார். என் மூத்த மகள் விஷயத்தில் அது அப்படியே நடந்தது.

குழந்தைகளுக்கென்று தலைப்பட்டையோடு வரும் காதுமூடிகள் கிடைக்கின்றன. உறையில் 20 முதல் 25 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருப்பார்கள். சரியாகப் பொருந்தாவிட்டால் அந்த அளவு கிடைக்காது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: அவை கீச்சொலியை நன்றாகத் தடுக்கும், இடிபோன்ற தாழ்ந்த ஒலியைக் குறைவாகவே தடுக்கும். அரங்கில் போய் முதன்முறையாக மாட்டினால் குழந்தை பிடுங்கி எறியும். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் பத்து நிமிடம், கால் மணி என்று பழக்குங்கள். பஞ்சு வைப்பதில் பெரிய பயன் இல்லை. காதுக்குள் செருகும் சிறு அடைப்பான்களைக் குழந்தைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.

எங்கே உட்காருவது என்பதில் பலரும் தவறு செய்கிறார்கள். கடைசி வரிசை மூலைதான் அமைதியான இடம் என்று நினைக்கிறோம். பக்கச் சுவரிலும் பின்சுவரிலும்தான் சுற்றொலிப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. மூலையில் உட்கார்ந்தால் ஒரு பெட்டி குழந்தையின் தலைக்கு நேர் மேலே இருக்கும். உள்ளே போனதும் சுவரை அண்ணாந்து பாருங்கள். சுவரோரத்தை விட்டு, நடைபாதையை ஒட்டி, திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் உள்ள இருக்கை நல்லது.

கடைசி வரிசை | ஞாயிறு, மதியம் 1.05

என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன்.

நான் மாதம் ஒருமுறைதான் படம் பார்க்கிறேன். இரவுப் பணி செய்பவன், எனக்கு அதுதான் ஓய்வு. போன மாதம் பார்த்த படத்தில், தந்தை இறந்துபோகும் காட்சி ஒன்று. அரங்கமே மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. தாய் தட்டிக்கொடுத்தார், தந்தை கைபேசியை எடுத்துப் பொம்மைப் படம் போட்டுக் காட்டினார், அந்த வெளிச்சம் நான்கு வரிசைக்குத் தெரிந்தது. பன்னிரண்டு நிமிடம் அப்படியே போயிற்று. இருவரில் ஒருவரும் எழுந்து வெளியே போகவில்லை. என் தந்தை காலமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. அந்தக் காட்சிக்காகவே அந்தப் படத்துக்குப் போயிருந்தேன்.

குழந்தை அழுவது அதன் இயல்பு, அதன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பெற்றவர்கள் இருவருமே படத்தின் மீது கண்ணை வைத்துக்கொண்டு, அழுகை தானாக நின்றுவிடும் என்று காத்திருந்ததுதான் வருத்தம். அருள்கூர்ந்து இதை யோசித்துவிட்டுப் போங்கள்.

தலைச்சன்தாய் | ஞாயிறு, மதியம் 2.30

கடைசி வரிசை அண்ணா, உங்கள் தந்தையின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். நீங்கள் எழுதியதை என் கணவருக்கும் படித்துக்காட்டினேன். நாங்கள் இருவரும் ஒன்று பேசி வைத்திருக்கிறோம்: சிணுங்கல் அழுகையாக மாறும்வரை காத்திராமல் ஒருவர் எழுந்துவிட வேண்டும், இடைவேளைக்கு முன் அவர், இடைவேளைக்குப் பின் நான். அரங்குக்குள் கைபேசியை எடுக்கப் போவதில்லை.

ஒலிக்கூடம் ஐயா, சுவரில் உள்ள பெட்டிகளை நான் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. மிக்க நன்றி.

வார்டு எண் 4 | ஞாயிறு, இரவு 9.20

குழந்தைகள் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். பணி முடிந்து வந்து இப்போதுதான் இழையைப் படித்தேன்.

முதலில் தடுப்பூசி. நம் அரசு அட்டவணைப்படி ஐந்து நோய்த் தடுப்பூசியின் மூன்று தவணைகளும் 6, 10, 14 வாரங்களில் போடப்படுகின்றன. ஐந்து மாதத்தில் அவை முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான் போன்றவற்றுக்கு ஓரளவு காப்பு இருக்கிறது. தட்டம்மைக்கான ஊசி 9 மாதம் முடிந்த பிறகுதான். அதுவரை நெருக்கமான கூட்டம், மூடிய குளிர்சாதன அறை, பக்கத்தில் இருமுகிறவர் ஆகிய மூன்றையும் கூடியவரை தவிர்ப்பது நல்லது. முப்பது பேர் உள்ள காலைக் காட்சியை இரட்டைத்தொட்டில் அக்கா சொன்னதற்கு இதுவும் ஒரு வலுவான காரணம். ஊரில் காய்ச்சலும் சளியும் பரவிக்கொண்டிருக்கும் வாரமாக இருந்தால் படத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

ஒலியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒலி 45 டெசிபலைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. அது நோயுற்ற, குறைமாதக் குழந்தைகளுக்கானது. நல்ல உடல்நிலையில் உள்ள ஐந்து மாதக் குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் பச்சைக் குழந்தையைச் சுற்றி எவ்வளவு அமைதி வேண்டும் என்று மருத்துவம் கருதுகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். திடீர் ஒலிக்குக் குழந்தை இரண்டு கையையும் விரித்து உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். நான்கைந்து மாதத்தில் அந்த அனிச்சைச் செயல் மறையத் தொடங்கும். உங்கள் மகளிடம் அது இன்னும் தெரிகிறதா என்று வீட்டிலேயே கவனியுங்கள். இன்னும் பலமாக உதறுகிறாள் என்றால் ஒரு மாதம் பொறுப்பதில் குறையொன்றும் இல்லை.

ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. எனவே அவளை மடியில் திரையைப் பார்த்து உட்காரவைக்காமல் உங்கள் மார்பைப் பார்த்தபடி வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுத்துக்கொண்டே தூங்கவைத்தால் அதுவே நடக்கும். இடுப்பிலும் தோளிலும் கட்டிக்கொள்ளும் பையில் வைப்பதாக இருந்தால், இருட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள்: மூக்குத் துணியில் பதிந்திருக்கக் கூடாது, தாடை மார்போடு மடிந்திருக்கக் கூடாது.

கடைசியாக, தங்கையே, உங்களுக்கு. எட்டு மாதமாகத் திரையரங்குக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை பெற்றவள் படம் பார்க்க ஆசைப்படலாமா என்ற கூச்சம் வேண்டாம். பிரசவித்த முதல் இரண்டு வாரத்தில் வரும் அழுகையும் சோர்வும் பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும். அதற்குப் பிறகும் காரணம் தெரியாத துயரமோ, எதிலும் பிடிப்பின்மையோ தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் எழுத்தில் எனக்கு அது தெரியவில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும்.

இரண்டாம் ஆட்டம் | திங்கள், அதிகாலை 1.10

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இரண்டு திரைகள் கொண்ட அரங்கின் மேலாளராக இருக்கிறேன். இரவுக் காட்சி முடித்துவிட்டு எழுதுகிறேன்.

ஒலிக்கூடம் ஐயா சொன்ன 7 என்ற எண் உண்மை. ஆனால் எங்களைப் போன்ற அரங்குகளில் அந்த எண்ணில் வைத்தால் மக்கள் காதைப் பொத்திக்கொண்டு வந்து முறையிடுவார்கள். சாதாரண நாளில் 5-ஐ ஒட்டி வைத்திருப்போம். முதல் மூன்று நாள் மட்டும் ரசிகர்கள் ஆபரேட்டர் அறையின் கதவைத் தட்டி ஏற்றச் சொல்வார்கள். இன்னொரு செய்தி: நிறைந்த அரங்கில் மனித உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சும், காலியான அரங்கில் அதே எண்ணில் வைத்தாலும் ஒலி அதிகமாகக் கேட்கும். ஆகவே ஆள் குறைந்த காலைக் காட்சிக்கு வருகிறவர்கள், உள்ளே நுழையும்போதே எங்கள் ஊழியரிடம், கைக்குழந்தை இருக்கிறது, சற்றுக் குறைத்துவையுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். அரைப் புள்ளி குறைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

உணவைப் பற்றி. வெளியுணவை அரங்குகள் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று தீர்ப்பளித்தபோது, அதே தீர்ப்பில் கைக்குழந்தையோடு வருகிறவர்கள் குழந்தைக்குத் தேவையான அளவு உணவைக் கொண்டுவரலாம் என்பதையும், குடிநீரை அரங்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறது. வாசலில் பையைப் பிரித்துப் பால்மாவையும் வெந்நீர்க் குடுவையையும் வெளியே எடுத்துவைக்கச் சொன்னால், மேலாளரை அழைத்து இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

படத்தின் தணிக்கைச் சான்றிதழைப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள். 'ஏ' என்றால் 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. தூங்குகிற குழந்தைதானே என்று வந்து வாசலில் திரும்பிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் எங்களால் இயலவில்லை. 'யு/ஏ' இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அது பெற்றோரின் முடிவுக்கு விடப்பட்டது. கைக்குழந்தைக்குப் படம் புரியப் போவதில்லை என்றாலும், 16+ என்று போட்டிருந்தால் வெடியும் அலறலும் மிகுதி என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய நடிகர்களின் படம் வெளியாகும் நாளில், அருள்கூர்ந்து, எந்த வயதுக் குழந்தையையும் கொண்டுவராதீர்கள். 2024 டிசம்பர் 4 அன்று இரவு ஐதராபாத்தில் சிறப்புக் காட்சியின் நெரிசலில் ஒரு தாய் இறந்தார், அவருடைய மகன் உயிருக்குப் போராடினான். அந்தச் செய்தியைப் படித்த பிறகு, முதல் நாள் வாசலில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மண்தரை | திங்கள், காலை 7.30

எனக்கு அறுபத்தெட்டு வயது. கோவில்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். கைக்குழந்தையோடு படம் பார்ப்பது புதிய பழக்கம்போல் இங்கே பேசப்படுவதால் எழுதத் தோன்றியது.

என் தாயார் எங்கள் ஐந்து பேரையும் டூரிங் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனவர். கீற்றுக் கொட்டகை, பெண்களுக்குத் தனிப் பகுதி, கீழே ஆற்று மணல். என் கடைசித் தங்கைக்குக் கொட்டகைக் காலில் பழைய சேலையால் தூளி கட்டி, படம் பார்த்துக்கொண்டே காலால் ஆட்டுவார். பக்கத்தில் உள்ள பெண்கள் ஆளுக்கு ஒருமுறை தூளியைத் தள்ளிவிடுவார்கள். புரொஜெக்டர் ஒன்றே ஒன்றுதான். அதனால் ரீல் மாற்றப் படத்தை மூன்று நான்கு முறை நிறுத்தி விளக்குப் போடுவார்கள்; குழந்தைக்குப் பால் கொடுப்பது, வெளியே கொண்டுபோய் ஒன்றுக்கு இருக்கவைப்பது எல்லாம் அந்த நேரத்தில் முடிந்துவிடும்.

அந்தக் காலத்தில் போனார்களே, இப்போது ஏன் போகக்கூடாது என்று கேட்கலாம். இந்த இழையைப் படித்தபின் எனக்கே அதற்கு விடை தெரிந்தது. கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் குழாய் ஒலிபெருக்கி ஒன்று. நான்கு பக்கமும் திறப்பு. சத்தம் வயல்வெளிக்குப் போய்விடும். இப்போது நான்கு சுவரையும் அடைத்து, சத்தம் ஒரு சொட்டும் வெளியே போகாமல் வைத்திருக்கிறார்கள். மகளே, போய்வா. ஆனால் சத்தத்தில் கவனமாக இரு.

ஈஸ்ட்ஹாம் ஈசன் | திங்கள், மாலை 5.45

இலண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே பிக்சர்ஹவுஸ் திரையரங்குகளில் 'பிக் ஸ்க்ரீம்' என்ற பெயரில், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு வரும் பெற்றோருக்கென்றே தனிக் காட்சி வைக்கிறார்கள். கையில் குழந்தை இல்லாதவருக்கு அனுமதியே கிடையாது. விளக்கை முழுவதும் அணைப்பதில்லை, ஒலியைத் தாழ்த்திவைக்கிறார்கள். நானும் மனைவியும் மகனுக்கு நான்கு மாதமாக இருந்தபோது போனோம். ஒரு குழந்தை அழுதால் இன்னொன்று சேர்ந்துகொள்ளும். ஒரு தாய் நடைபாதையில் நின்றபடி குழந்தையை ஆட்டிக்கொண்டே படம் பார்ப்பார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அரங்கைக் கட்டவோ இடிக்கவோ வேண்டியதில்லை, ஒரு காட்சிக்கு விளக்கையும் ஒலியையும் மாற்றிவைத்தால் போதும்.

நாகர்கோவில் நடை | திங்கள், இரவு 8.00

நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் கைரளி, ஸ்ரீ, நிளா திரையரங்கு வளாகத்தில் 2022ஆம் ஆண்டு அழும் குழந்தைகளுக்கான அறை அமைத்தார்கள். சத்தம் வெளியே கேட்காத கண்ணாடி அறை. உள்ளே தொட்டில், அரைத்துணி மாற்றும் வசதி. கண்ணாடி வழியாகப் படத்தையும் பார்க்கலாம். நம் மாநிலத்தில் பேருந்து நிலையங்களில் 2015ஆம் ஆண்டே தாய்மார் பாலூட்டும் அறைகளைக் கொண்டுவந்தார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் தாய்க்குக் கிடைத்தது படம் பார்க்க வரும் தாய்க்கும் கிடைக்கலாமே.

தலைச்சன்தாய் | திங்கள், இரவு 10.15

கண்ணாடி அறை நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்: அந்த அறைக்குள் போகப்போவது அநேகமாகத் தாய் மட்டுமாகவே இருப்பாள். கணவர் வெளியே கூட்டத்தோடு சிரித்துக்கொண்டிருக்க, நான் கண்ணாடிக்குப் பின்னால் குழந்தையோடு தனியாகப் படம் பார்த்தால், அது என் வீட்டு அறையைப் பெரிதாக்கியதுபோல் ஆகிவிடும். ஈசன் அண்ணா சொன்னதுபோல் வாரம் ஒரு காட்சியை எங்களுக்கென்று ஒதுக்கினால், கடைசி வரிசை அண்ணாவுக்கும் தொல்லை இல்லை, எங்களுக்கும் நெஞ்சு படபடக்காது.

இரண்டாம் ஆட்டம் | செவ்வாய், காலை 11.30

வார நாளில் காலைக் காட்சிக்கு எங்கள் சிறிய திரையில் பல நாள் இருபது பேர்கூட வருவதில்லை. அந்த மின்கட்டணத்துக்கே வரவு போதாது. பத்துப் பெற்றோர் குடும்பமாக வந்தால் எங்களுக்கு நட்டம் இல்லை. முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன். ஒலியை 4-இல் வைப்பதும், பக்கச் சுவரின் மங்கலான விளக்குகளை எரியவிடுவதும் ஆபரேட்டருக்கு இரண்டு நிமிட வேலை.

தோளில் தூங்குபவள் அப்பா | செவ்வாய், இரவு 9.50

அப்பாக்களுக்கு ஒன்று. வெளியே நிற்கும் நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள். என் மகளை மூன்று படத்துக்கு அழைத்துப்போயிருக்கிறோம். மூன்றிலும் சண்டைக் காட்சிகளில் நான்தான் வெளியே இருந்தேன். சோளப்பொரி இயந்திரத்தின் கண்ணாடிக்குள் பொரி துள்ளுவதை அவள் கண்கொட்டாமல் பார்ப்பாள். அவளுக்குப் படம் அதுதான். உள்ளே போக ஆசை வந்தால் கதவைச் சிறிது திறந்து, அதன் இடுக்கில் நின்று பார்ப்பேன். வசனம் ஒலித்தால் நுழைவேன், அடிதடி என்றால் கதவை மூடிவிடுவேன்.

தள்ளுவண்டியை எடுத்துப்போகாதீர்கள். நடைபாதை அவசர வழி. அங்கே நிறுத்த விடமாட்டார்கள்.

தலைச்சன்தாய் | அடுத்த வாரம் வியாழன், காலை 7.10

நேற்றுப் போய்வந்துவிட்டோம். உதவிய அனைவருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

புதன்கிழமை, காலை 11.15 காட்சி. ஒரு குடும்பப் படம், மூன்றாவது வாரம். சண்டை ஒன்றே ஒன்று என்று விசாரித்து வைத்திருந்தோம். காதுமூடியை ஒன்பது நாள் வீட்டில் பழக்கினோம். முதல் நாள் பிடுங்கினாள், ஐந்தாம் நாள் மறந்துவிட்டாள். மாமியாரிடம் முந்தின இரவே சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தலைக்குக் குல்லாய் போடு, நெற்றியில் மைப்பொட்டு வை, வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடு என்றார்.

வாசலில் ஊழியரிடம் ஒலியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டோம். அவர் குழந்தையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மேலே போனார். நாங்கள் சுவரை அண்ணாந்து பார்த்துப் பெட்டிகளை எண்ணிவிட்டு, நடைபாதை ஓரமாக உட்கார்ந்தோம். விளக்கு அணையும்வரை எல்லாம் சரியாக இருந்தது. படத்துக்கு முந்தைய விளம்பரங்களில்தான் சிக்கல். அடுத்து வரப்போகும் ஏதோ ஒரு படத்தின் முன்னோட்டத்தில் திடீரென்று இடித்த இடியில் அவள் இரண்டு கையையும் விரித்து உதறினாள். காதுமூடி இருந்தும் அந்த அதிர்வு என் மடி வழியாகவே அவளுக்குப் போனது எனக்குத் தெரிந்தது. என் கணவர் உடனே அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த முறை விளம்பரம் முடியும்வரை வெளியிலேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

அவர் திரும்பிவர இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் படம் நன்றாகச் சூடுபிடித்துவிட்டது. நானும் ஒரு காட்சிக்கு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த வயதான அம்மா மெல்ல என் முழங்காலைத் தொட்டு, குழந்தை வெளியில் இருக்கிறதே, யாரை ஆட்டுகிறாய் என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன்: அவள் இல்லாத அந்த இருபது நிமிடமும் என் கால் தானாக ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது.

இடைவேளையில் பால் கொடுத்தேன். அந்த அம்மா தம்முடைய முந்தானையை விரித்து வரிசையின் பக்கம் மறைத்துக்கொண்டார். விளக்கு அணைவதற்குள் குழந்தை தூங்கிவிட்டாள். இரண்டாம் பாதியில் ஒன்றேகால் மணி நேரம் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்; மூக்கையும் தாடையையும் விரலால் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிவுக்குக் கால் மணி முன்னால் விழித்துச் சிணுங்கினாள். என் முறை. நடைக்கூடத்தில் தோளில் போட்டு நடந்தேன். கதவு இடுக்கில் நின்று கடைசிக் காட்சியைப் பார்த்தேன், வசனம் பாதிதான் கேட்டது. மீதியை அவர் ஆட்டோவில் சொன்னார்.

இரவு இரண்டு முறை வழக்கம்போல் பாலுக்கு எழுந்தாள். தூக்கிப் போடவில்லை.

கடைசி வரிசை அண்ணா, மொத்தம் மூன்று முறை வெளியே போனோம். எங்கள் வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி வரிசை | வியாழன், காலை 9.00

மகிழ்ச்சி, தங்கையே. அந்தப் படத்தை நான் நாளை பார்க்கப்போகிறேன். முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாம் ஆட்டம் | வியாழன், மாலை 4.20

முதலாளி மாதம் ஒரு காட்சி வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். முதலில் ஒரு புதன்கிழமை, காலை 10.30. முன்னோட்டமும் வணிக விளம்பரமும் ஓட்டப்போவதில்லை என்பதைத் தலைச்சன்தாய் எழுதியதைப் படித்தபின் நானே சேர்த்துக்கொண்டேன். அரைத்துணி மாற்ற ஓர் உயரமான மேசை போட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த உயரம் வசதி என்று தாய்மார்கள் சொல்லுங்கள்.

இரட்டைத்தொட்டில் | வியாழன், மாலை 5.05

இடுப்பு உயரம். மூன்று பக்கமும் நான்கு விரல் அளவுக்குத் தடுப்புக் கட்டை இருக்கட்டும். மேலே ரெக்சின் விரித்தால் துடைக்கலாம். பக்கத்தில் ஒரு மூடிபோட்ட குப்பைக்கூடை அவசியம்.